தொழில்: கூலி - ஒரு சாயத்தின் கதை (நீண்ட இழை)

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது முழுசாப் படிங்க. நடுவில் வரலாறும் வேதியியலும் வரும். கடைசியில் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு உதவக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது.

சில வருஷம் முன்னாடி, நான் தாலுக்கா அளவிலான ஒரு அரசு மருத்துவமனையில் இருந்த சமயம். காலை ஓ.பி.யில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். சிறுநீர் சிவப்பாகப் போனதாம். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. ரெண்டு நாள் போச்சு, அப்புறம் தானா நின்னுடுச்சு.

"எப்படி இருந்துச்சுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"சாயத் தண்ணியாட்டம் இருந்துச்சுங்க சார்."

வெளியே வரிசை நின்றது. நீர்த்தாரைத் தொற்று என்று முடிவு செய்தேன். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதி, நிறைய தண்ணி குடிங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு ராத்திரி அதே மனிதர் வந்தார். இந்த முறை ரத்தக்கட்டிகள் அடைத்து சிறுநீரே போகவில்லை. அடிவயிறு உப்பி, வலியில் துடித்துக்கொண்டிருந்தார். ட்யூப் போட்டு, கழுவி, அட்மிட் செய்து, கேஸ் ஷீட் எழுதினேன். பெயர், வயது, முகவரி. அடுத்த கட்டம், தொழில். மகனிடம் கேட்டேன். "கூலிங்க" என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

தொழில்: கூலி.

மறுநாள் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதற்காக அங்கிருந்த சிறுநீரக அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போனில் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "என்ன வேலை பார்த்தவர்?"

"கூலி வேலை சார்."

"என்ன கூலி?"

என்னிடம் பதில் இல்லை. போனை வைத்துவிட்டு வார்டுக்குப் போய்க் கேட்டேன். இப்போதுதான் கட்டட வேலையில் கூலி. அதற்கு முன்னால் 22 வருஷம் சாயப்பட்டறை. வெறுங்கையால் சாயத்தூளைக் கரைத்து, தொட்டியில் நூலை முக்கிப் புரட்டி எடுக்கிற வேலை.

அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். சாயத் தண்ணியாட்டம் என்று. நான்தான் அதை வெறும் உவமையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த சார் கேட்ட கேள்விக்கு 300 வருஷத்துக்கும் மேல் வயசு. அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

1700-ல் இத்தாலியில் பெர்னார்டினோ ரமாஸினி என்ற மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். தொழிலாளர்களுக்கு வரும் நோய்கள் பற்றியது. சுரங்கம் வெட்டுபவர், குயவர், கண்ணாடி ஊதுபவர், கக்கூஸ் குழி அள்ளுபவர் என்று ஒவ்வொரு தொழிலாக அவர்களுக்கு என்ன நோய் வருகிறது என்று எழுதினார். அதில் மருத்துவர்களுக்கு அவர் சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீ என்ன வேலை செய்கிறாய்?

75 வருஷம் கழித்து லண்டனில் அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய பதில் கிடைத்தது.

அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் நிலக்கரி எரிப்பார்கள். புகைபோக்கி குறுகலாக இருக்கும். அதற்குள் ஏறிச் சுத்தம் செய்ய ஏழைச் சிறுவர்களை அனுப்புவார்கள். சின்னப் பையன்தானே நுழைய முடியும்! உடம்பெல்லாம் கரி அப்பும். குளியல் அபூர்வம். இந்தப் பையன்கள் வளர்ந்து பெரியவர்களானதும் விதைப்பையின் தோலில் புண் வரும், ஆறாது, பரவும். பலர் இதைப் பால்வினை நோய் என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட், 1775-ல் எழுதினார். இது புற்றுநோய். காரணம், தோல் மடிப்புகளில் தங்குகிற புகைக்கரி.

ஒரு தொழில், ஒரு பொருள், ஒரு புற்றுநோய். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் தெளிவாகச் சேர்த்துக் காட்டியவர் பாட். 1788-ல் எட்டு வயதுக்குக் குறைந்த பையன்களை இந்த வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. யாரும் மதிக்கவில்லை. உருப்படியாக அமலான சட்டம் வர 1875 ஆகிவிட்டது. பாட் எழுதி சரியாக 100 வருஷம்.

இந்த இடைவெளியை ஞாபகம் வச்சுக்கங்க. திரும்ப வரும்.

இப்போ சாயத்துக்கு வருவோம்.

1856, லண்டன். வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயசுப் பையன். ஈஸ்டர் லீவில் வீட்டிலேயே வைத்திருந்த சின்ன ஆய்வகத்தில், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். குயினைன் வரவில்லை. கறுப்பாக ஒரு கசடு வந்தது. அதைச் சாராயத்தில் கரைத்தால் அருமையான ஊதா நிறம்! பட்டுத்துணியில் முக்கினால் பிடித்துக்கொண்டது, துவைத்தும் போகவில்லை. பிற்பாடு இந்தச் சாயத்துக்கு மாவ் என்று பெயர் வந்தது.

எதிலிருந்து செய்தான்? அனிலின் என்ற பொருளிலிருந்து. அனிலின் எதிலிருந்து? நிலக்கரித் தாரிலிருந்து. அந்தக் காலத்தில் தெருவிளக்குக்கான வாயுவை நிலக்கரியைச் சூடாக்கித்தான் எடுத்தார்கள். மிஞ்சுகிற தார் வெறும் கழிவு. அந்தக் கழிவுக்குள் வானவில்லே ஒளிந்திருந்தது என்று உலகம் அப்போதுதான் கண்டுகொண்டது.

அடுத்த சில வருஷத்தில் பிரான்ஸில் அனிலினிலிருந்து இன்னொரு சாயம் வந்தது. பளிச்சென்ற இளஞ்சிவப்பு. ஃபுக்சியா பூவை நினைவூட்டும் ஃபுக்சின் என்ற பெயர் அதற்கு. 1859-ல் மஜெண்டா என்ற ஊரில் நடந்த போரை வைத்து மஜெண்டா என்றும் கூப்பிட்டார்கள். இன்று நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடையில் சொல்கிற அதே மஜெண்டா.

1860-களில் ஜெர்மனி இதைக் கையில் எடுத்தது. பேயர், ஹெக்ஸ்ட், பி.ஏ.எஸ்.எஃப். எல்லாம் சாயம் செய்ய ஆரம்பித்த கம்பெனிகள்தான். பி.ஏ.எஸ்.எஃப். என்ற சுருக்கத்தில் உள்ள 'ஏ' என்ற எழுத்துக்கே அனிலின் என்றுதான் அர்த்தம்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லணும். மருத்துவம் இந்தச் சாயங்களுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது.

டிபி சந்தேகம் என்றால் சளி டெஸ்ட் எடுக்கச் சொல்வோம், இல்லையா? மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பழைய முறையில், நீலப் பின்னணியில் சின்னச் சின்ன சிவப்புக் குச்சிகளாகத் தெரியும், அதுதான் டிபி கிருமி. அந்தச் சிவப்பு எது தெரியுமா? ஃபுக்சின். மஜெண்டா சாயமேதான். அந்த நீலம் மெத்திலீன் ப்ளூ, அதுவும் துணிச் சாயமாகப் பிறந்தது. ஒரு சாயம் ஒரு கிருமியை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டுகிறது என்றால், கிருமியை மட்டும் கொல்கிற சாயமும் இருக்கணுமே என்று யோசித்தவர் பால் எர்லிக். கீமோதெரபி என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. பின்னாளில் பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக் சோதித்த ப்ரான்டோசில் என்ற சிவப்புச் சாயம்தான் சல்ஃபா மருந்துகளுக்கு வழிகாட்டியது. அதற்காக அவருக்கு 1939-ல் நோபல் பரிசு. பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது சல்ஃபா.

ஆக, சாயம் நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்கிற கதை இல்லை இது. நான் கேட்பது வேறு. அந்தச் சிவப்பைத் தயாரித்தவர்களுக்கு என்ன ஆச்சு?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் லுட்விக் ரேன். ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அறுவைச் சிகிச்சை நிபுணர். மருத்துவ வரலாற்றில் இவருக்கு ஏற்கெனவே ஒரு பெரிய இடம் உண்டு. 1896-ல் கத்திக்குத்துப்பட்டு வந்த ஒரு இளைஞனின் இதயத்தில் தையல் போட்டு, அவனைப் பிழைக்கவும் வைத்தார். துடிக்கிற இதயத்தைத் தொடக்கூடாது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது.

அதற்கு முந்தின வருஷம், 1895-ல், ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் மாநாட்டில் அவர் இன்னொரு விஷயம் பேசினார். சிறுநீரில் ரத்தம் என்று வந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது. அபூர்வமான நோய். ஆனால் அவர்களுக்குள் ஒரு ஒற்றுமை. எல்லோரும் ஃபுக்சின் தயாரிப்பில் வேலை செய்தவர்கள். ஒரு சின்னத் தொழிற்பிரிவில் இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை என்றார் ரேன்.

அவரிடம் புள்ளியியல் கணக்கு இல்லை, மரபணு ஆய்வு இல்லை. என்ன வேலை செய்றீங்க என்று கேட்டார், அவ்வளவுதான்.

ரேன் அனிலின் ஆவியைச் சந்தேகப்பட்டார். அதனால் இந்த நோய்க்கு அனிலின் புற்றுநோய் என்றே பெயர் வந்துவிட்டது. பின்னால் பார்த்தால் முக்கியக் குற்றவாளி அதன் உறவுக்காரர்கள். பீட்டா நாப்தைலமின், பென்சிடின் என்ற இரண்டு ரசாயனங்கள். சாயம் செய்ய இடைப்பொருளாகப் பயன்படுபவை. 1921-ல் ஜெனீவாவின் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டு, இந்த இரண்டையும் பெயர் சொல்லியே எச்சரித்தது.

1921-லேயே பெயர் தெரிந்துவிட்டது. இதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அப்போது கம்பெனிகள் சொன்ன பதில் இன்றைக்கும் நமக்குப் பழக்கமானதுதான். நிரூபணம் எங்கே?

நிரூபணத்துக்கு முதல் வழி காட்டியது ஜப்பான். டோக்கியோவில் யமகிவா கட்சுசபுரோ, அவரது உதவியாளர் இச்சிகாவா கோயிச்சி. முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவினார்கள். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில், திரும்பத் திரும்ப. இதற்கு முன் முயன்ற பலர் சீக்கிரம் சலித்து விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. 1915-ல் முயல் காதில் நிஜமான புற்றுநோய் உருவானதை அறிவித்தார்கள். ஒரு ரசாயனப் பொருளைக் கொண்டு ஆய்வகத்தில் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டிய முதல் சோதனை அது. பாட் சொன்ன கரிக்கு 140 வருஷம் கழித்துச் சாட்சி கிடைத்தது.

தாருக்குள் எந்தப் பொருள்? லண்டனில் எர்னஸ்ட் கென்னவேயின் குழு தேடியது. இரண்டு டன் தார்ப்பிசினை வடித்து வடித்து, 1933-ல் பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு டன்னிலிருந்து கிடைத்தது சில கிராம்தான். ஆராய்ச்சி என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த இரண்டு டன் கதையைத்தான்.

ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மட்டும் பிடிபடவில்லை. பீட்டா நாப்தைலமினை முயலுக்குக் கொடுத்தார்கள், எலிக்குக் கொடுத்தார்கள். மனிதனுக்கு வந்தது போல வரவில்லை. பாருங்க, விலங்குகளுக்கே ஒண்ணும் ஆகலை என்று சொல்வதற்கு அது வசதியாகப் போயிற்று.

இதற்கிடையில் முதல் உலகப்போர். ஜெர்மன் சாயம் வருவது நின்றுபோக, அமெரிக்காவும் பிரிட்டனும் தாங்களே சாயம் செய்யப் பெரிய அளவில் இறங்கின. அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி நியூ ஜெர்சியில் பெரிய ஆலை போட்டது. சாயம் போன இடத்துக்கு, பதினைந்து வருஷம் பின்தங்கி, நோயும் போய்ச் சேர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் அங்கே தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தெரிய ஆரம்பித்தது.

இதை முன்கூட்டியே எச்சரித்தவர் வில்ஹெல்ம் ஹூப்பர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய நோய்க்குறியியல் மருத்துவர். ஜெர்மன் அனுபவத்தைப் படித்திருந்ததால் இங்கேயும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி தொடங்கிய நச்சியல் ஆய்வகத்தில் 1934-ல் அவரையே வேலைக்குச் சேர்த்தார்கள்.

அவர் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் ஒரு சம்பவம் வரும். பீட்டா நாப்தைலமின் பிரிவைப் பார்க்கப் போகிறார். ஆச்சரியப்படும்படி சுத்தம். கூட வந்த மேற்பார்வையாளரைப் பாராட்டுகிறார். நேத்து ராத்திரி பார்த்திருக்கணும் டாக்டர், உங்களுக்காக விடிய விடியக் கழுவினோம் என்று அந்த மனிதர் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறார். உடனே ஹூப்பர், முன்னறிவிப்பே இல்லாமல் பென்சிடின் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். அங்கே வழியெல்லாம், ஜன்னல் விளிம்பெல்லாம் வெள்ளைத் தூள்.

இதை மேலிடத்துக்கு எழுதினார். அதற்கப்புறம் அந்தப் பிரிவுகளுக்குள் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஆனால் ஆய்வகத்தில் ஒரு முக்கியமான வேலையைச் செய்தார். முயல், எலியை விட்டுவிட்டு நாய்களை எடுத்தார். சுமார் இரண்டு வருஷம் பீட்டா நாப்தைலமின் கொடுத்தார். பெரும்பாலான நாய்களுக்குச் சிறுநீர்ப்பையில், மனிதனுக்கு வருவது போன்ற அதே கட்டிகள் வந்தன.

1937-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1938-ல் முடிவுகள் அச்சில் வந்தன. அந்தக் கம்பெனி பீட்டா நாப்தைலமின் தயாரிப்பை நிறுத்தியது எப்போது? 1955-ல்.

சரி, நாய்க்கு மட்டும் ஏன் வந்தது? இதற்கான விடை பிற்பாடுதான் கிடைத்தது. அது நம்ம டிபி வார்டோடும் சம்பந்தப்பட்டது.

இந்த ரசாயனங்கள் உடம்புக்குள் போனதும் கல்லீரலுக்குப் போகும். அங்கே இரண்டு பாதை. ஒன்று, அசிட்டைல் என்ற சின்னத் துணுக்கை ஒட்டி, பல்லைப் பிடுங்கிய பாம்பாக்கி அனுப்பும் பாதை. இன்னொன்று, வேறு ஒரு என்சைம் அதை மேலும் வீரியமாக்கும் பாதை. இரண்டாவது வழியில் போனது சிறுநீரில் கலந்து சிறுநீர்ப்பைக்கு வரும். மற்ற உறுப்புகளைக் கடந்து போய்விடுகிற விஷம், இங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். சிறுநீரின் அமிலத்தன்மையில் உடைந்து, உட்சுவர் செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டும். வருஷக்கணக்கில் இப்படி ஒட்டி ஒட்டி, ஏதோ ஒரு நாள் ஒரு செல் தறிகெட்டுப் போகும்.

நாய்களுக்கு அந்த அசிட்டைல் ஒட்டும் என்சைமே கிடையாது. முதல் பாதை மொத்தமாக மூடியிருக்கிறது. அதனால்தான் நாய் மனிதனைக் காட்டிக்கொடுத்தது.

மனிதர்களில் சிலருக்கு அந்த என்சைம் வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. டிபி மாத்திரை ஐசோனியாசிட்டை உடைப்பதும் இதே என்சைம்தான். யாருக்கு மெதுவோ அவர்களுக்கு ஐசோனியாசிட் உடம்பில் அதிகம் தங்கி, கை கால் மரத்துப்போகும். அதற்காகத்தான் வைட்டமின் பி6 சேர்த்துத் தருகிறோம். இந்த வேக வித்தியாசத்தையும் பி6 பயனையும் விரிவாக ஆராய்ந்த இடங்களில் ஒன்று, 1956-ல் நம்ம சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகை. அதாவது, ஒரே தொட்டியில் கை விட்டாலும் எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை. பக்கத்தில் நின்றவனுக்கு ஒண்ணும் ஆகலையே என்பது எந்த நிரூபணமும் இல்லை.

கடைசி நிரூபணம் பிரிட்டனில் வந்தது. ராபர்ட் கேஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 21 கம்பெனிகளின் சம்பளப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். இந்த ரசாயனங்களோடு வேலை செய்த 4,600-க்கும் மேற்பட்டவர்களைப் பட்டியல் போட்டார்கள். யார் யார் எதனால் இறந்தார்கள் என்று இறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டார்கள். 1954-ல் முடிவு வந்தது. சாதாரண மக்களைவிட இவர்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 30 மடங்கு. வேலையில் சேர்ந்ததிலிருந்து நோய் தெரிய சராசரியாக 18 வருஷம். பீட்டா நாப்தைலமினைக் காய்ச்சி வடிக்கும் வேலையில் இருந்த ஒரு சிறு குழுவில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

இந்தப் 18 வருஷம்தான் கொலைகாரன் ஒளிந்துகொள்கிற இடம். நோய் வரும்போது அந்த ஆள் அந்த வேலையில் இருக்க மாட்டார். ரிட்டயர் ஆகியிருப்பார், ஊர் மாறியிருப்பார், வாட்ச்மேனாகவோ கட்டட வேலையிலோ இருப்பார். இப்போ என்ன வேலை என்று கேட்டால் உண்மை வெளியே வராது. இதுக்கு முன்னாடி என்னவெல்லாம் செஞ்சீங்க என்று கேட்கணும்.

பிரிட்டனில் 1949-ல் பீட்டா நாப்தைலமின் தயாரிப்பு நின்றது. சட்டப்படி தடை வந்தது 1967-ல். ரேன் மாநாட்டில் பேசி 72 வருஷம். ஜெனீவா அறிக்கை பெயர் சொல்லி 46 வருஷம். ஹூப்பரின் நாய்கள் சாட்சி சொல்லி 29 வருஷம்.

ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் நிரூபணம். ஒவ்வொரு முறையும் அந்த நிரூபணம் இன்னும் சில தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்கப்பட்டது.

நம்ம பக்கத்துக்கு வந்தால் கதையில் ஒரு திருப்பம். சில வகை அசோ சாயங்கள் உடைந்து இதே வகை ரசாயனங்களை வெளிவிடும் என்பதால், 1990-களில் ஜெர்மனி தோலில் படுகிற துணி, தோல் பொருட்களில் அவற்றைத் தடை செய்தது. ஏற்றுமதி நின்றுவிடுமே! அதையொட்டி இந்தியாவும் அப்படிப்பட்ட சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. அந்தத் தடைக்குத் தூண்டுகோல், துணியை உடுத்துகிறவரின் தோல். சாயத்தொட்டியில் 20 வருஷம் கை விட்டவரின் சிறுநீர்ப்பை இல்லை.

ஹூப்பரைப் பற்றி இன்னும் ஒன்று. அவரை ஹீரோவாக மட்டும் காட்டி முடித்தால் தப்பு. பின்னாளில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த அவர், நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட் முக்கியக் காரணம் என்பதைக் கடைசிவரை ஏற்க மறுத்தார். தொழிற்சாலைக் குற்றத்தை மறைக்கத்தான் சிகரெட்டைக் காட்டுகிறார்கள் என்று நினைத்தார். அதில் அவர் தப்பு.

அவர் நாய்களுக்குக் கொடுத்த அதே பீட்டா நாப்தைலமின், சிறிய அளவில், சிகரெட் புகையிலும் இருப்பது பின்னாளில் தெரிய வந்தது. இன்று உலகம் முழுக்கச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு நம்பர் ஒன் காரணம் புகைதான். புகைப்பவருக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. புகை நுரையீரலுக்குத்தானே போகுது, சிறுநீர்ப்பைக்கு எப்படி என்று பலர் கேட்பார்கள். ரத்தம் வழியாகத்தான். அந்த ரெண்டு பாதைக் கதை இங்கேயும் அப்படியே.

என் நோயாளி 17 வயசிலிருந்து பீடி குடித்தவர். சாயமா, பீடியா, இரண்டும் சேர்ந்தா? அவர் ஒருவரை மட்டும் வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. யாராலும் முடியாது. ஆனால் இரண்டையுமே முதல் நாள் நான் கேட்கவில்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்ல முடியும். கேட்டிருந்தால் ஆன்டிபயாடிக்கோடு நிறுத்தியிருக்க மாட்டேன். ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மருத்துவக் கல்லூரியில் சிஸ்டாஸ்கோப்பி செய்து, கட்டியை உள்ளேயே சுரண்டி எடுத்தார்கள். நல்லவேளை, தசைக்குள் இறங்கவில்லை. அதற்கப்புறம் சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒரு முறை ஆறு வாரம் ஒரு மருந்து செலுத்தினார்கள். என்ன மருந்து தெரியுமா? பி.சி.ஜி. குழந்தை பிறந்ததும் கையில் போடுகிற அதே டிபி தடுப்பூசிக் கிருமி. சிறுநீர்ப்பைக்குள் போய் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி, மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அழிக்கும். 1976-லிருந்து நடைமுறையில் உள்ள சிகிச்சை இது.

இப்போதும் செக்கப்புக்குப் போகிறார். பீடியை விட்டுவிட்டார். போன முறை பார்த்தபோது, "தண்ணி தெளிவாப் போகுதுங்க சார்" என்றார்.

இனி உங்களுக்கு.

சிறுநீரில் வலி இல்லாமல் ரத்தம் போனால், ஒரே ஒரு முறை போனாலும், தானாக நின்றுவிட்டாலும், விட்டுவிடாதீங்க. வலி இல்லாததுதான் இங்கே ஆபத்தின் அடையாளம். பீட்ரூட் சாப்பிட்டாலோ, ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலோ நிறம் மாறும். கல், தொற்று, ப்ராஸ்டேட் வீக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் பதற வேண்டாம். ஆனால் எது என்று பரிசோதித்துத்தான் சொல்லணும். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் சிஸ்டாஸ்கோப்பி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதெல்லாம் இருக்கிறது.

பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகத் தெரியும். மாதவிடாய் என்றும் நீர்க்கடுப்பு என்றும் பலமுறை மருந்து சாப்பிட்டு ஓட்டிவிடுவார்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் தெரிந்தால், எங்கிருந்து வந்தாலும் சரி, உடனே காட்டுங்க.

பீடி, சிகரெட்டை விட்டால் ஆபத்து வருஷத்துக்கு வருஷம் குறையும். எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

சாயம், தோல் பதனிடுதல், ரப்பர், பெயின்ட் வேலையில் இருப்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்க. தூளை வெறுங்கையால் தொடாதீங்க. வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிடாதீங்க.

எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்க. இப்போ பார்க்கிற வேலையை மட்டும் இல்லை, 20, 30 வருஷத்துக்கு முன்னாடி பார்த்ததையும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்க. என்னென்ன வேலை பார்த்தீங்க, எதைக் கையால தொட்டீங்க என்று. மருத்துவத்துக்கு மட்டுமில்லை, அவர்களும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

என்னோடு பணிபுரியும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.பி. வரிசை நீளம், எனக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் போதும். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதாதீங்க. கூலி என்பது அவர் வாங்குகிற சம்பளத்தின் பெயர். அவர் செய்கிற வேலையின் பெயர் வேற.